செய்முறை வாரம்

செல்லாத்தாள் தன் மகளை ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அதற்காக எங்கள் காம்பவுண்டில் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள், புருஷன் பேச்சுக்கு அடங்காதவள் என்றார்கள். பிள்ளைகளை வகுப்பறையில் உட்கார வைத்துப் பனியனில் பிசிறு வெட்ட வைத்த மனிதரைக் கல்வி வள்ளல் என்றார்கள். இரண்டையும் சொன்னது ஒரே வாய்கள். தொண்ணூற்று நான்காம் வருஷம் ஏப்ரல் மாதம் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

வடக்கே பல வருஷம் அலைந்துவிட்டு அப்போதுதான் திருப்பூருக்குத் திரும்பியிருந்தேன். ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. இதுதான் எங்கள் காம்பவுண்டு. செல்லாத்தாள் எனக்கு எதிர்வீடு. நான் எதற்கு ஊர் சுற்றினேன், ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்காத ஒரே ஆள் அவள்தான். ரயிலில் தண்ணீருக்கு என்ன செய்வாய் என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

அவள் வெள்ளகோவில் பக்கத்து வறண்ட காட்டுக்காரி. ஏழாம் வகுப்பு முடித்த கோடையில் கிணறு வற்றிப்போய் அப்பா குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தார். பள்ளி திறக்கும் வரைக்கும்தான் என்று சொல்லி அவளைப் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்த்துவிட்டார்கள். தைக்கிறவருக்கு எதிரே நின்று துணியின் ஓரத்தை மடித்து மடித்து ஊசிக்குக் கொடுக்கிற பிள்ளைக்குத்தான் கைமடி என்று பெயர். பள்ளிகள் திறந்தன. அவள் அந்த மிஷினுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். பிறகு பிசிறு வெட்டப் போனாள். தைத்த பனியனில் தொங்குகிற நூல்முனைகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கும் வேலை. அதற்குப் பிறகு செக்கிங். பனியனை மேசைமேல் விரித்து, உள்புறத்தை வெளியே திருப்பி, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது. அந்தப் பழக்கம் அவளுக்கு எல்லாவற்றிலும் வந்துவிட்டது. கத்தரிக்காய் வாங்கினாலும் திருப்பிப் பார்ப்பாள், யாராவது இனிக்க இனிக்கப் பேசினாலும் திருப்பிப் பார்ப்பாள்.

புருஷன் நஞ்சப்பன் அவிநாசிபாளையத்துக்காரர். அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சாதுவான மனிதர். முதலாளியின் கார் சத்தம் கேட்டால் பீடியைக் கையாலேயே அணைத்துவிடுவார். மகள் பெயர் மயிலாள். நஞ்சப்பனுடைய அம்மா பெயர். வகுப்பில் "மயிலு, தோகை எங்கே" என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அவள் பின்னலை ஒரு சுழற்றுச் சுழற்றிக் காட்டிவிட்டு உட்காருவாளாம்.

முதலாளி குமாரசாமி கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு தொடக்கப் பள்ளி கட்டியிருந்தார். தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. மயிலாள் அங்கேதான் ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பரீட்சை முடிந்துவிட்டது. லீவு விடுவார்கள் என்று பிள்ளைகள் நினைத்திருந்தபோது தலைமையாசிரியர் அர்த்தநாரி பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு புது அறிவிப்புச் செய்தார். இந்த வருஷம் முதல் செய்முறை வாரம் உண்டு, அதற்கும் மதிப்பெண் உண்டு, எல்லோரும் வரவேண்டும்.

மயிலாள் குதித்துக்கொண்டு போனாள். செய்முறை என்றால் கண்ணாடிக் குழாய், காந்தம், பூதக்கண்ணாடி என்று அவளுடைய அறிவியல் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது தலைமுடி முழுக்க வெள்ளைப் பஞ்சு.

செல்லாத்தாள் வாசலிலேயே அவளை நிறுத்திக் கேட்டாள். "செய்முறைல என்ன பண்ணுனீங்க கண்ணு?"

"பிசிறு வெட்டுனோம்."

"அப்பறம்?"

"அப்பறமும் பிசிறுதான். விரலெல்லாம் அரிக்குதும்மா."

சட்டைப்பையிலிருந்து, பனியனில் தைக்காத வெள்ளைக் கைத்துணி ஒன்றை எடுத்துக் காட்டினாள். வீணாய்ப் போனது, பலகை துடைக்க வைத்துக்கொள் என்று டீச்சர் கொடுத்தாராம். செல்லாத்தாளுக்கு அந்தத் துணி தெரியும். சரக்கு ஏற்றும் தேதி நெருங்கிவிட்டதென்று கம்பெனியில் எல்லோரும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்த அதே லாட் சரக்கு. ஆள் போதாமல் முதலாளி என்ன செய்யப்போகிறார் என்று செக்கிங் மேசையில் பேசிக்கொண்டார்களாம். விடை மகளின் தலைமுடியில் இருந்தது.

மறுநாள் காலை அவள் போய் அர்த்தநாரியைக் கேட்டாள். பிள்ளைகளுக்கு உழைப்பின் அருமை தெரியவேண்டும் என்று அவர் நெடுநேரம் பேசினார். அவருடைய பையன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவனுக்கு அந்த அருமை எப்படித் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. கடைசியில் அவர் சொன்னதுதான் விஷயம். மாற்றுச் சான்றிதழில், மேல்வகுப்புக்குப் போகத் தகுதி உண்டா என்று ஒரு கட்டம் இருக்கிறது. செய்முறைக்கு வராத பிள்ளைக்கு அதில் "இல்லை" என்றுதான் விழும். இல்லை என்று விழுந்தால் எந்த உயர்நிலைப் பள்ளியிலும் ஆறாம் வகுப்பில் சேர்க்கமாட்டார்கள். பத்து வயதுப் பெண் பள்ளிக்குப் போகாமல் திருப்பூரில் என்ன செய்யும் என்பதை செல்லாத்தாளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தனக்கு உடம்பு சரியில்லை என்று கம்பெனிக்கும் சொல்லியனுப்பினாள்.

நஞ்சப்பன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது சண்டை. "மொதலாளியப் பகைச்சுக்கிட்டு இந்த ஊருல எங்க புள்ளே போறது?" என்றார்.

"அடுத்த சந்துக்குத்தானுங்க மாமா. அங்கயும் பனியன்தான் தைக்கறாங்க."

அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். செல்லாத்தாள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். "செய்முறை வாரம்னு சொல்லிப்போட்டாங்க, அது நடக்கோணும். இல்லீன்னா புள்ள ஏமாந்து போயிரும். நீ ஊரெல்லாம் பாத்தவ, சயின்ஸு நீ எடுத்துக்க கண்ணு. சரித்திரம் எம்பொறுப்பு. படிக்கறத அவளே பாத்துக்குவா."

சரித்திரம் காலையில் அடுப்படியில் நடந்தது. புத்தகத்தில் முகலாய அரசர்கள் வரிசையாக வந்தார்கள். செல்லாத்தாள் அவர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, மகள் பிறந்த வருஷத்திலிருந்து தொடங்கினாள். எண்பத்து நான்கில் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் பெரிய வேலைநிறுத்தம். விலைவாசி ஏறினால் கூலியும் கூட ஏறவேண்டும், அந்த ஏற்றத்துக்குப் பெயர்தான் பஞ்சப்படி. மாதக் கணக்கில் மிஷின் ஓடவில்லை, தெருவில் நின்றால் காக்கை கத்துவது கேட்டது என்றாள். கஞ்சி காய்ச்சி ஊற்றிய இடத்தை, வயிற்றில் பிள்ளையோடு ஊர்வலத்தில் நடந்ததை, கால் வீங்கி உட்கார்ந்தபோது முன்னால் கொடி பிடித்துப் போன ஒரு தையல்காரர் திரும்பி வந்து சோடா வாங்கிக் கொடுத்ததை எல்லாம் சொன்னாள்.

"அது ஆரும்மா?"

"உங்க பள்ளிக்கூடத்து மொதலாளிதான். குமாரசாமி."

மயிலாள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டாள். "அவரா கொடி புடிச்சாரு? அப்பறம் எப்ப மொதலாளி ஆனாரு?"

"அது அடுத்த பாடம்" என்றாள் செல்லாத்தாள்.

அடுத்த பாடத்தை அவள் மறுநாள் உண்மையாகவே நடத்தினாள். ரெண்டு மிஷினோடு தொடங்கினார், சொந்தக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார், இரவு பகல் பாராமல் உழைத்தார், அதையும் மறைக்காமல் சொன்னாள். எந்த இடத்தில் அவர் சோடா வாங்கிக் கொடுத்ததை மறந்தார் என்பது மட்டும் தனக்குத் தெரியவில்லை என்றாள். நான் எத்தனையோ சரித்திர ஆசிரியர்களிடம் படித்திருக்கிறேன். தெரியவில்லை என்று சொன்ன ஒருவரும் நினைவில்லை.

படிப்பதற்கு மளிகைக்கடைப் பொட்டலக் காகிதம் இருந்தது. செல்லாத்தாள் எதையும் தூக்கிப் போடாமல் தட்டி நீவி ஒரு பெட்டியில் வைத்திருந்தாள். பாதியில் கிழிந்த தொடர்கதை, யாரோ ஒருவரின் நினைவஞ்சலி, பயிருக்கு மருந்து அடிப்பது எப்படி. ஒரே ஒரு விதிதான். பொடி எழுத்து வரைக்கும் படிக்கவேண்டும். கதை பாதியில் கிழிந்திருந்தால் மிச்சத்தை மயிலாள் சொல்லவேண்டும். அவள் சொன்ன கதைகளில் எல்லாம் வில்லனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. தொட்டியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் முதலில் செல்லாத்தாளைப் பழித்துவிட்டு, பிறகு குடத்தை வைத்துவிட்டு நின்று கேட்டார்கள்.

அறிவியல் என் பங்கு. வடக்கே ஒரு மலையூர்ப் பள்ளியில் பார்த்ததைச் செய்யலாம் என்று நினைத்தேன். செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்தால் நாவல்பழ நிறத்தில் சாறு இறங்கும். அதில் காகிதத்தை நனைத்துக் காயவைத்தால், பிறகு அது எலுமிச்சை பட்டுச் சிவக்கும், சோப்புத் தண்ணீர் பட்டுப் பச்சையாகும். காகிதத்தை நாடா நாடாவாகக் கிழித்து வை என்று மயிலாளிடம் சொல்லிவிட்டு சாற்றை இறக்கினேன். திரும்பிப் பார்த்தால் அவள் துணியை வெட்டி வைத்திருக்கிறாள்.

"காயிதத்துல எழுத்து இருக்குதுங்க அக்கா. கிழிக்கமாட்டேன்" என்றாள்.

இந்த ஊரில் காகிதத்துக்குத்தான் பஞ்சம். துணியில் சட்டி இறக்குவார்கள், துணியில் தலையணை அடைப்பார்கள், அடுப்புக்கூடத் துணியில் மூட்டுவார்கள். சரி என்று விட்டேன். நஞ்சப்பனின் பழைய பனியனில் கொஞ்சம், பள்ளியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கைத்துணியில் கொஞ்சம் நாடாக்கள் வெட்டியிருந்தாள். சாற்றில் முக்கினோம். பழைய பனியன் நாவல்பழ நிறத்தில் வந்தது. பள்ளித் துணி எதுவும் தொடாமலேயே பச்சையாக மாறிவிட்டது.

சாறு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வேறு பூப் பறித்து மறுபடி இறக்கினேன். மறுபடியும் பச்சை. மயிலாள் தானாகவே அந்தத் துணியில் ஒரு துண்டை எலுமிச்சைத் தண்ணீரில் கசக்கி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, பிறகு முக்கினாள். இப்போது பழைய பனியனைப்போலவே வந்தது.

"துணிக்குள்ள சோப்பு மாதிரி என்னமோ இருக்குதுங்க அக்கா" என்றாள்.

செல்லாத்தாள் வந்து எட்டிப் பார்த்தாள். அவள் துணியைப் பார்க்கவில்லை, மகளின் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நுனியெல்லாம் வெளுத்து, தோல் உரிந்திருந்தது. வெளுப்பதற்காகத் துணியைக் காஸ்டிக் சோடா என்ற காரம் போட்டு வேகவைப்பார்கள். பிறகு காரம் போக அலசவேண்டும். அவசரத்தில் யாரோ அலசாமலேயே விட்டிருக்கிறார்கள். மயிலாளுக்கு ஒரு நாள் தொட்டதற்கே இப்படி; மற்றப் பிள்ளைகள் அந்தக் காரத்தை வாரம் முழுக்க விரலால் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் பள்ளிக்குப் போனோம். கூடத்தில் பிள்ளைகள் பனியன் குவியல்களைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் வேன் நின்றது. குமாரசாமியே வந்திருந்தார். அர்த்தநாரி எங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழாமலேயே கேட்டார். "ஒரு வாரமா வராம இப்ப எதுக்கு வந்தீங்க?"

"செய்முறை காட்டறதுக்குத்தானுங்க" என்றாள் செல்லாத்தாள்.

மயிலாள் குவியலிலிருந்து விழுந்துகிடந்த ஒரு துண்டை எடுத்து, கொண்டுபோயிருந்த கிண்ணத்தில் முக்கி, தலைமையாசிரியரின் மேசைமேல் வைத்தாள். பச்சை. பக்கத்தில் எலுமிச்சையில் அலசிய துண்டை வைத்தாள். பாடம் ஒப்பிக்கிற குரலில் காரணத்தைச் சொன்னாள். அர்த்தநாரிக்குப் புரியவில்லை. குமாரசாமிக்குப் புரிந்துவிட்டது. அவர் ஒரு காலத்தில் தைத்தவர் அல்லவா. குவியலிலிருந்து ஒரு பனியனை எடுத்து மோந்து பார்த்தார், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார், முகம் மாறியது. போனுக்கு ஓடினார். வெளுக்கும் பட்டறைக்காரரை அவர் திட்டியது கூடம் முழுக்கக் கேட்டது. கண்டெய்னரில் ஏறியிருந்தால், வெளிநாடு போய்த் துணி மஞ்சளடித்திருந்தால், வாங்குகிறவன் திருப்பியனுப்பியிருந்தால் என்று அவர் கத்தியதெல்லாம் துணியைப் பற்றித்தான்.

போனை வைத்துவிட்டு வந்தவர் முகத்தில் சிரிப்பு. "நல்ல நேரத்துல வந்த அம்மிணி. லாட்டே போயிருக்கும்" என்றார்.

செல்லாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருதாள் என்ற சின்னப் பெண்ணின் கையைத் தூக்கிப் பிடித்தாள். "மொதலாளி, இதையும் பாருங்க."

அவர் பார்த்தார். "தேங்காயெண்ணெ தடவச் சொல்லு. ரெண்டு நாளுல செரியாப் போயிரும்."

நான் வாயைத் திறந்தேன். செல்லாத்தாள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டாள். எனக்கு அவள்மேல்கூட அந்த நிமிஷம் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது. சான்றிதழ் இன்னும் அந்த மேசைக்குள்தான் இருந்தது.

குமாரசாமி நல்ல மனநிலையில் இருந்தார். உனக்கு என்ன வேண்டும் கேள், செக்கிங் சூப்பர்வைசராகப் போட்டுவிடுகிறேன் என்றார்.

"எம்புள்ளைக்கு டீ.சி. வேணுமுங்க."

அவருக்கு அது ஏமாற்றமாக இருந்தது, மரியாதைக் குறைவாகவும் பட்டிருக்கவேண்டும். அர்த்தநாரியைப் பார்த்துத் தலையசைத்தார். அர்த்தநாரி உட்கார்ந்து எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். செல்லாத்தாள் அதை வாங்கி நின்றபடியே படித்தாள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக. வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். அவள் அவசரப்படவில்லை.

"இங்க இல்லைன்னு போட்டிருக்கீங்க சார்."

"செய்முறைல மார்க் இல்லியே. நான் என்ன பண்ணட்டும்?"

"எழுத்துப் பரீட்சைல தோத்துட்டாளுங்களா?"

"அதுல பாஸ்தான். நல்ல மார்க்குதான்."

"செய்முறை உங்க மேசைமேலயே ஈரமாக் கெடக்குதுங்களே. அதுக்கு மார்க் போடுங்க."

அர்த்தநாரி முதலாளியைப் பார்த்தார். படித்த மனிதர், தலைமையாசிரியர், ஒரு பிள்ளை பாஸா இல்லையா என்று பனியன் கம்பெனி முதலாளியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதை நான் மறக்கமாட்டேன். குமாரசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "போட்டுக் குடுங்க சார். வேன் நிக்குது."

நியாயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வேன் நின்றது, அவ்வளவுதான். அர்த்தநாரி பழையதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். அந்தக் கட்டத்தில் "ஆம்". செல்லாத்தாள் மறுபடி முதலிலிருந்து கடைசி வரை படித்தாள், மடித்தாள், இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன் பிறகுதான் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"எந்திரிங்க சாமி. கையக் கழுவிப்போட்டு ஊட்டுக்குப் போங்க. பரீட்சை முடிஞ்சு போச்சு."

மருதாள் எழுந்தாள். மற்றவர்கள் அர்த்தநாரியைப் பார்த்தார்கள். அவர் பிரம்பைக்கூடத் தொடவில்லை, வெறுமனே பார்த்தார். மருதாள் மறுபடி உட்கார்ந்தாள்.

"செல்லாத்தா, இனி நீ கம்பெனிப் பக்கம் வரவேண்டாம்" என்றார் குமாரசாமி. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"அது மொதல்லயே தெரியுமுங்க" என்றாள் அவள்.

திங்கட்கிழமை அலசிய துணி திரும்பி வந்தது. அதே கூடம், அதே பிள்ளைகள். செய்முறை வாரம் இன்னொரு வாரமும் நடந்தது. செல்லாத்தாள் தண்ணீர்த் தொட்டியடியில் ஒவ்வொரு தாயிடமும் பேசினாள். மருதாளின் அம்மா மட்டும் பிள்ளையை நிறுத்திக்கொண்டாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் பிள்ளையின் ஒரு கட்டம் இன்னும் அந்த மேசைக்குள் இருந்தது. ஏழைகள் இப்படித்தான், பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பிற்பாடு பலர் என்னிடம் பெருமூச்சு விட்டார்கள். அனுப்பினார்களா, பிடித்து வைத்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. வள்ளல் அந்த வருஷம் பள்ளிக்கு ஒரு மாடி எழுப்பினார். அதற்கும் விழா எடுத்தார்கள்.

நஞ்சப்பன் இரண்டு நாள் சோற்றை முடித்ததும் எழுந்து வெளியே போனார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது மகளிடம், அந்தப் பூச்சாறு எப்படி இறக்குவது என்று கேட்டார். செல்லாத்தாள் அந்த வாரமே வேறு கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றாள்.

ஜூன் மாதம் அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கை. நானும் கூடப் போனேன். வரிசை மெதுவாக நகர்ந்தது. தலைமையாசிரியை சான்றிதழை வாங்கினார், மேலிருந்து கீழே ஒரு பார்வை ஓட்டினார், ஆறாம் வகுப்பு என்று எழுதிக்கொண்டு அடுத்தவருக்காகக் கை நீட்டினார். ஒரு வாரப் போராட்டமும் ஒரு வேலையும் விலையாகப் போன, ஆம் என்ற அந்த ஒரு சொல்லில் அவர் கண் நின்றதாகவே தெரியவில்லை.

செல்லாத்தாள் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மயிலாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னம்மா, சேத்தாச்சு. போங்க" என்றார் தலைமையாசிரியை.

செல்லாத்தாள் மேசைமேல் இருந்த காகிதத்தில் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இன்னொருக்காப் பாருங்க டீச்சர்" என்றாள்.